கல்லாகி நின்ற களிறு

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் வடகிழக்கே யானைமலையும், மேற்கே நாகமலையும், தென்மேற்கே பசுமலையும் கிடப்பதைக் கண்ட நம் முன்னோர், அவை பகைவர் ஏவிய மாய விலங்குகளென்றும், ஆலவாய் இறைவனின் திருவருளால் வலியடங்கிக் கல்லாயினவென்றும் கதை வகுத்தனர்; திருவிளையாடற் புராணமும் அதனைப் படலம் படலமாக விரித்துரைக்கிறது. ஓடுகிற விலங்கை ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டுமென்னும் ஆசை இவ்வூருக்குப் புதிதன்று.

அந்தக் கல் யானையின் எதிரே, 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்றிருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் தம்முடைய பெரிய காமிராவை நாட்டினார். மெழுகேற்றிய காகிதமே அவருக்கு நெகடிவ். அதில் பிம்பம் பதிய நெடுநேரம் பிடிக்குமாதலால், காற்றில் ஆடும் கிளை புகையாகும், தலையைத் திருப்பும் மாடு நிழலாய்க் கரையும். ஆகவே கோயிலையும் மண்டபத்தையும் எடுத்த கையோடு அவர் மதுரையில் எடுக்கக்கூடியதாயிருந்த யானை, அசையாத அந்த யானை ஒன்றுதான். பக்கவாட்டில் நோக்குவார்க்கு நெடிது படுத்த களிறாகத் தோன்றும் அம்மலையை, அதன் முனைப்புறத்தே நின்று அவர் எடுத்த படம் இன்றும் உளது. வெறுமையாய் விழும் வானத்தில் நெகடிவின் மேலேயே வர்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. காட்சியை அமைப்பதில் அம்மனிதருக்கிருந்த சிரத்தை அத்தகையது! 1859-இல் கவர்னராக வந்த சார்ல்ஸ் டிரெவெலியன் இவையெல்லாம் வீண் ஆடம்பரமென்று கருதி வேலையை நிறுத்திவிட்டார்.

எங்கே நிற்பது, எதனைச் சட்டத்துக்குள் விடுவது என்பதைக் கருவியின் மந்தகதியே டிரைப்புக்குக் கற்பித்ததெனின், எப்.டபிள்யூ. சாம்பியன் என்னும் வன அதிகாரிக்கு அதனைக் கற்பித்தது வடநாட்டுக் காட்டின் இருள். மிருகம் நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டி, காமிராவின் உயரத்தையும் தூரத்தையும் பகலிலேயே நிர்ணயித்துவிட்டு அவர் போய்விடுவார். இரவில் வரும் புலி கம்பியை மிதித்து, வெளிச்சம் பாய, தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். 1927-இல் வெளிவந்த அவருடைய நூலில் காணும் அத்தகைய படங்களின் அமைப்பெல்லாம், புலி வருவதற்கு முன்பே முடிந்துபோன காரியம்.

தமிழர்க்கு இக்கலையில் உரிமை கொண்டாட இடம் தந்தவர் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் புதல்வர்; 1912-இல் பிறந்தவர்; 1950 முதல் 1996-இல் காலமாகும் வரை, ஏறத்தாழ 46 ஆண்டுகள், கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதியவர். ஒரு கம்பெனியின் உடலையும் மற்றொன்றின் லென்ஸையும் தாமே பொருத்திச் சமைத்த கனத்த கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, அதனைச் சுமந்துகொண்டு காட்டில் திரிந்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். மயிலையும் மீன்கொத்தியையும் வர்ணமின்றி எடுப்பதாவது என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் வர்ணம் என்னும் பகட்டு நீங்கியவிடத்து, ஒளியும் நிழலும் வடிவமுமே படத்தைத் தாங்கவேண்டுமன்றோ? அவர் பேனாவும் மையும் கொண்டு சித்திரம் தீட்டுவதிலும் வல்லவர். கோடு எங்கே தொடங்கி எங்கே ஓயவேண்டுமென்று அறிந்த கை அது. நான் கண்ட அவருடைய படங்களில் யானை அந்தரத்தில் மிதப்பதில்லை. புல்லும் புதரும் மூங்கிலும் அதனோடு வருகின்றன. அது எதைத் தின்னும், எவ்வழி போகும் என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. கோயில் வாசலில் சங்கிலியோடு யானையைக் கண்டு பழகிய நமக்கு, யானைக்கும் ஓர் ஊர் உண்டென்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்டினர்?

மேலூருக்கருகேயுள்ள அரிட்டாபட்டி, பாண்டியர் குடைவரையும் தமிழி எழுத்தும் உடைய பழம்பதி. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.215 ஹெக்டேர் பரப்பு, தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறும் ராசாளியும் அக்குன்றுகளில் வாழ்வதால், விடுமுறைதோறும் நீண்ட லென்ஸுகளோடு இளைஞர் பலர் வருகின்றனர். ஒரு காலையில் கண்மாய்க்கரையில் நின்ற ஒருவர் தாம் எடுத்த வல்லூறை எனக்குக் காட்டினார். இறகை எண்ணலாம், கண்ணில் ஒளிப்புள்ளி தெரிந்தது, பின்னே வெறும் பழுப்பு மங்கல். “பாறை எங்கே தம்பி?” என்றேன். “மலை எங்கய்யா போயிரப் போகுது, பறவைதான் பறந்துரும்” என்று சிரித்தார்.

2024 நவம்பரில் அம்மலைகளை உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தது. சுற்றுவட்டாரத்து ஊர்களெல்லாம் திரண்டெழுந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதன்பின் ஒருநாள் அதே கரையில் அவ்விளைஞரைக் கண்டேன். முக்காலி முன்னிருந்த இடத்தினின்றும் நாற்பது ஐம்பது அடி பின்வாங்கிப் பனையடியில் நின்றது. சிறிய லென்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்.