தோல்தொழில் வட்டாரத்து அங்கன்வாடி ஆசிரியரின் தொழில்வளர்ச்சி: இலக்கை வகுப்பது யார்?

அங்கன்வாடிப் பணியாளரின் தொழில்வளர்ச்சியை அரசு ஆவணங்கள் பயிற்சி நாள்களாலும் சான்றிதழ்களாலும் அளக்கின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும் அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பும் வேண்டும் என்றது. 2023 மே மாதம் ஒன்றிய அரசு தொடங்கிய ‘போஷன் பீ படாயீ பீ’ திட்டம் மூன்று நாள் பயிற்சியை முன்வைத்தது. ஆறு மாதமா மூன்று நாளா என்பதில் எனக்குப் பெரிய வழக்கில்லை. பணியாளர் அடுத்து எதைக் கற்க வேண்டும் என்பதை அவர் முன் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளை வைத்து முடிவுசெய்ய வேண்டும் என்பதே என் வாதம். வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் படுகையில் பரவியுள்ள தோல்தொழில் வட்டாரத்தில் அந்தக் குழந்தைகளின் வீடு, பொழுது, பேச்சு மூன்றுமே பொதுப் பாடத்திட்டம் மனத்தில் வைத்திருக்கும் குழந்தையிடமிருந்து வேறுபடுகின்றன.

இங்கே ஒரே தெருவில் தமிழ், தக்கினி உருது, தெலுங்கு ஆகிய மூன்றும் வீட்டு மொழிகளாக இருக்கும். ஷூ கம்பெனிக்குப் போகும் தாய் காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார். குழந்தையை மையத்தில் கொண்டுவந்து விடுவது பாட்டியோ அக்காவோதான். முஸ்லிம் வீட்டுக் குழந்தைகள் சிலர் அதற்கு முன்பே மக்தப் எனும் சமயப் பள்ளிக்குப் போய், வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்துகளின் பாடநூலான காயிதாவைப் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட நான்கு வயதுக் குழந்தை சிலேட்டில் கோடு இழுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். குச்சியைச் சிலேட்டின் வலது ஓரத்தில் வைத்து இடப்பக்கமாக இழுக்கும். படப் புத்தகத்தைக் கொடுத்தால் நம் கணக்குக்குக் கடைசிப் பக்கத்தைத் திறக்கும். விஷயம் தெரியாத டீச்சர் கையைப் பிடித்துத் திருத்திவிட்டுப் போவார். தெரிந்தவரோ, எழுத்துக்கு ஒரு திசை உண்டு என்பதை இந்தக் குழந்தை ஏற்கெனவே கற்றுவிட்டதைக் கண்டுகொள்வார்; இரண்டாவது திசையை அறிமுகப்படுத்துவது மட்டுமே அவருக்கு மிச்சமுள்ள வேலை. அபிநயப் பாட்டிலும் இதே கதைதான். கை சரியாக அசையும்; பாட்டின் சொற்கள் வீட்டு மொழியில் இல்லாததால் வாய் அசையாது. மதிப்பீட்டு அட்டையில் ‘பங்கேற்கிறது’ என்று டிக் விழுந்துவிடும்.

2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை, வீட்டு மொழியில் தொடங்கச் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்தே தமிழைக் கட்டாயமாக்குகிறது. இரண்டும் நியாயமானவை. இரண்டுக்கும் இடையிலான பாலத்தைக் கட்ட வேண்டியவர் அங்கன்வாடி டீச்சர். எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக வகுத்த மூன்று நாள் பயிற்சியில் ஆம்பூரின் தக்கினிக்கு எத்தனை மணி நேரம் கிடைத்துவிடும்?

சரி, கற்றுக்கொண்டாலும் அதைச் செய்துபார்க்க நேரம் வேண்டும். தமிழ்நாட்டிலேயே 320 மையங்களில் நடந்த ஒரு சோதனை ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியிருக்கிறது. கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் ஆகியோர் செய்த அந்த ஆய்வில் சில மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களுக்குப் பிறகும் மையத்தில் தொடர்ந்த குழந்தைகளின் மதிப்பெண் கணிதத்தில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்கம் உயர்ந்தது. வளர்ச்சிக் குன்றலும் கடும் ஊட்டக்குறைவும் குறைந்தன. வந்தவர்கள் பெரிய பட்டதாரிகள் அல்லர். எடை பார்ப்பது, சத்துமாவுக் கணக்கு, பதிவேடுகள் எனப் பழைய பணியாளரின் பகலைத் தின்றுகொண்டிருந்த வேலைகளில் மாட்டாதவர்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். சிலேட்டை வலமிருந்து தொடங்கும் குழந்தைக்கு அந்தக் கூடுதல் நேரத்தில் என்ன நடந்தது என்பதைச் சராசரிகள் சொல்லா. நேரம் இல்லாத பயிற்சி சுவரில் மாட்டிய சான்றிதழ்; பயிற்சி இல்லாத நேரமும் ‘அ’னா ‘ஆ’வன்னாவைக் கூட்டாக ஒப்பிக்கவைப்பதில் கரைந்துபோகலாம்.

இந்த வட்டாரத்துக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பும் உண்டு. எட்டு நாடுகளில் நடந்த ‘மால்-எட்’ ஆய்வின் இந்தியக் களம் வேலூர். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 251 குழந்தைகளைச் சேர்த்துப் பின்தொடர்ந்தது. சிறுவயதில் உயரம் குன்றிய குழந்தைகள் பள்ளிப் பருவத்து அறிதிறன் சோதனைகளில் பின்தங்குவதை அங்கிருந்து வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இதன்படி பார்த்தால் அங்கன்வாடியின் வளர்ச்சி அட்டை வெறும் உடல்நலப் பதிவாக நின்றுவிடுவதில்லை. யாரிடம் கூடுதலாகப் பேச வேண்டும், யாரை மடியில் வைத்துக் கதை சொல்ல வேண்டும் என்பதற்கான பட்டியலும் அதில் இருக்கிறது. பணியாளர் மாதாமாதம் கைப்பட எடுக்கும் அளவு இது. எடையை ஒரு பதிவேட்டிலும் கற்றலை வேறொரு பதிவேட்டிலும் எழுதச் சொல்லிப் பழக்கியதால், ஒன்றை வைத்து இன்னொன்றைப் படிக்கும் பழக்கம் வளரவில்லை. என்னைக் கேட்டால், ஓர் ஆண்டுக்குரிய தொழில்வளர்ச்சி இலக்காக அந்தப் பழக்கத்தை வளர்ப்பது ஒன்றே போதும்.

துறைகளின் பிரிவினை இன்னொரு தடை. 30 பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு. பெண்களை நம்பி நடக்கும் ஆம்பூர் ஷூ தொழிலுக்கு இது நேராகப் பொருந்தியது. காப்பகத்தைக் கண்காணிப்பது தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம்; அங்கன்வாடி சமூக நலத்துறையின் கீழ்; அடுத்த கட்டம் பள்ளிக் கல்வித்துறை. ஒரே குழந்தை மூன்று கை மாறுகிறது. மூன்று ஆசிரியர்களையும் ஒரே அறையில் உட்காரவைக்கும் பொறுப்பு மட்டும் எந்தத் துறையின் தலையிலும் விழவில்லை.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டின் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். அவர்களில் பலர் அதைப் பதவியிறக்கமாகவே எடுத்துக்கொண்டு நீதிமன்றம் வரை போனார்கள். 2022இல் அவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கே திரும்ப, வகுப்புகள் மூடப்படும் நிலைக்கு வந்து, எதிர்ப்புக்குப் பின் தொடர்ந்தன. சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது கீழான வேலை என்ற எண்ணம் கல்வித்துறைக்குள்ளேயே எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அதே எண்ணம் ஊதிய அமைப்பிலும் உண்டு. தமிழகப் பணியாளருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் இருக்கிறது. அது பணியாண்டுகளைப் பார்த்து உயர்கிறது, கற்றதைப் பார்த்து உயர்வதில்லை. பதவி உயர்வு கிடைத்தால் மேற்பார்வையாளர் ஆகலாம். அதாவது நன்றாகக் கற்பிப்பவர் குழந்தைகளை விட்டு வெளியேற வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரல் 25 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மையங்களின் முன்பருவக் கல்விப் பணியைக் கல்வியுரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவோடு இணைத்துப் பார்த்தது. சட்டம் அவரை ஆசிரியராகக் காணத் தொடங்கிவிட்டது. பணிநிலை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

புதிய பயிற்சி மையம் கட்டித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. மையங்களின் தொகுதியான செக்டரில் மாதந்தோறும் நடக்கும் கூட்டத்தில் பதிவேடு சரிபார்ப்பைப் பாதி நேரத்துக்குள் முடித்துக்கொண்டு, மீதிப் பாதியில் ஒவ்வொருவரும் தம் மையத்துக் குழந்தை ஒன்றைப் பற்றிப் பேசலாம். ஷூ கம்பெனிக் காப்பகத்தின் ஆயாவையும் பக்கத்துப் பள்ளியின் முதல் வகுப்பு ஆசிரியரையும் கூப்பிடலாம். தக்கினி பேசும் உதவியாளர் பல மையங்களில் ஏற்கெனவே அடுப்படியில் இருக்கிறார். பாட்டு நேரத்தில் அவரை வகுப்புக்குள் அழைத்து, அந்த நேரத்தை அவருடைய பணிப்பதிவிலும் ஏற்ற வேண்டும். இதற்குத் தேவைப்படுவது மாவட்டத் திட்ட அலுவலரின் ஒரு சுற்றறிக்கை.