லொத்தெரியா (ஸ்பானிய மொழி வகுப்பில்)

லொத்தெரியா என்பது மெக்சிகோவில் வீடுகளிலும் திருவிழாக்களிலும் ஆடப்படும் பட அட்டை விளையாட்டு. ஸ்பானிய மொழி வகுப்புகளில் கையால் ஆடிக் கற்கும் விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று.

இதன் வேர் இத்தாலியில் உள்ளது. அங்கு 15ஆம் நூற்றாண்டில் வழங்கிய குலுக்கல் ஆட்டம் ஸ்பெயினுக்குச் சென்று, 1769இல் அதன் ஆளுகையிலிருந்த மெக்சிகோவை அடைந்தது. தொடக்கத்தில் மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்காக இருந்தது, பின்னர் ஊர்ச் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் பரவி எல்லாருக்கும் உரியதாயிற்று. இன்று காணும் சீட்டுக்கட்டை 1887இல் அச்சிட்டு வெளியிட்டவர் டோன் கிளெமெந்தே ழாக். பிரான்சிலிருந்து வந்த இத்தொழிலதிபர் டப்பா உணவு வணிகமும் நடத்தினார்.

கட்டில் 54 அட்டைகள். ஒவ்வொன்றிலும் எண், படம், பெயர் இருக்கும். முதலாவது ‘எல் காயோ’ (சேவல்). கடைசி ‘லா ரானா’ (தவளை). ஆடுபவரின் பலகையில் நான்குக்கு நான்காக 16 படங்கள். அட்டையை எடுத்துக் கூவுபவர் ‘கந்தோர்’. கூவிய படம் தம்மிடம் இருந்தால் அதன்மேல் ஒரு பீன்ஸ் விதையை வைப்பார்கள். வரிசை நிரம்பியவர் “லொத்தெரியா!” அல்லது “புவேனாஸ்!” என்று குரல் கொடுப்பார்.

பெயர்கள் எல்லாம் பால் காட்டும் முன்சொல்லோடு அச்சாகியிருப்பது மொழி ஆசிரியருக்குப் பெரிய கொடை. ‘லா மானோ’ (கை) ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால். ‘எல் ஆர்பா’ (யாழ் வகை) பெண்பால் சொல்லாயினும் ஒருமையில் ‘எல்’ ஏற்கிறது. இத்தகைய விதிவிலக்குகள் விதை வைக்கும் கையோடு செவியிலும் பதிந்துவிடும்; பட்டியலை மனப்பாடம் செய்வதால் இது எளிதில் கைகூடாது. முதலில் ஆசிரியர் கூவ மாணவர் கேட்பர். பிறகு மாணவரே கந்தோர் ஆவார். அடுத்த படியில் பெயரைச் சொல்லாமல், ‘எட்டுக் கால், வலை பின்னும்’ என்று ஸ்பானியத்திலேயே விடுகதை போட்டுச் சிலந்தியைத் தேடவைப்பார். வென்றவர் தம் வரிசையை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே வெற்றி செல்லும்.

கேட்டதற்கு உடலால் மறுமொழி தரும் கற்பித்தல் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்தார். லொத்தெரியா அதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துவந்தது. ஈயடிப்பானால் சொல்லை அடிக்கும் ‘மாத்தாமோஸ்காஸ்’ ஆட்டமும் இவ்வகையே.

‘எல் நெகிரித்தோ’, ‘எல் அப்பாச்சே’ ஆகிய இனப்பெயர் அட்டைகளையும், குடிகாரரைக் காட்டும் ‘எல் பொர்ராச்சோ’வையும் சிறுவர் வகுப்பில் நீக்கிவிட்டு ஆடுவதே முறை. இணையவழியிலும் லொத்தெரியா ஆடப்படுகிறது. 2019இல் கூகுள் இதை டூடுல் விளையாட்டாக வெளியிட்டது.