யப்பானின் அதிவேகப் புகையிரதமும் அதன் விரிவாக்கமும்

புகையிரதத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் 1950களில் மேலை நாடுகளிற் பரவியிருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் மக்கள் மோட்டார் வாகனத்துக்கும் ஆகாயவிமானத்துக்கும் மாறிக்கொண்டிருந்தனர். அவ்வேளை யப்பான் முற்றிலும் புதியதொரு பயணிகள் பாதையை அமைக்கத் துணிந்தமையை வேகத்தின் மீது கொண்ட மோகமெனக் கருதுவோர் உளர். அக்கருத்து வரலாற்றோடு பொருந்துவதன்று.

ரோக்கியோவையும் ஒசாக்காவையும் இணைத்த பழைய தொக்கைடோ பாதை, தேசிய புகையிரத சேவையின் மொத்தப் பாதை நீளத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று வீதமே. ஆயின், அச்சேவையின் பயணிகளிலும் பண்டங்களிலும் ஏறத்தாழ நாலிலொரு பங்கை அதுவே சுமந்தது. 1,067 மில்லிமீற்றர் அகலமும் பல வளைவுகளுங் கொண்ட அப்பாதையில் மேலும் வண்டிகளை ஓட்ட இடமிருக்கவில்லை. ஆகவே எழுந்த வினா இடநெருக்கடி பற்றியது. வேகம் அதற்கான விடையோடு சேர்ந்து வந்தது.

சேவையின் தலைவர் சோகோ சின்ஜியும் தலைமைப் பொறியியலாளர் சிமா ஹிடெயோவும் 1,435 மில்லிமீற்றர் அகலமுள்ள தனிப் பாதையே வேண்டுமென நின்றனர். போருக்கு முன்னரே, 1940 இல், இத்தகைய திட்டமொன்று ஒப்புதல் பெற்றிருந்தது. அப்போது வாங்கிய நிலத்திற் சிலவும் தோண்டிய சுரங்கங்களும் இப்போது பயன்பட்டன. 1961 இல் உலக வங்கி 80 மில்லியன் டொலர் கடன் வழங்கிற்று. செலவோ முதல் மதிப்பீட்டின் ஏறத்தாழ இருமடங்காகி, 380 பில்லியன் யென்னை எட்டியது. 1963 இல் இருவரும் பதவி விலகினர். 1964 ஒக்ரோபர் 1 ஆந் திகதி முதல் வண்டி புறப்பட்டபோது அதனை உருவாக்கியோர் பதவியில் இல்லை! வீதிகளை எவ்விடத்தும் குறுக்கிடாத அப்பாதையில் வண்டிகள் மணிக்கு 210 கிலோமீற்றர் வரை ஓடின. அடுத்த ஆண்டில் ஒசாக்காப் பயணம் 3 மணி 10 நிமிடமாகக் குறைந்தது.

பாதை 1972 இல் ஒக்கயாமாவையும் 1975 இல் ஹக்காத்தாவையும் அடைந்தது. நகரங்கள் நெருங்கியமைந்த அத்திசையில் விரிவாக்கத்தின் நியாயம் வலுவானது. 1970 ஆம் ஆண்டுச் சட்டமோ நாடு முழுவதற்கும் வலையமைப்பொன்றை நோக்கிற்று. 1982 இல் திறக்கப்பட்ட ஜொயெற்சு பாதை 22 கிலோமீற்றர் நீளச் சுரங்கமொன்றின் வழியே நீகாத்தாவுக்குச் செல்கிறது. முன்னாட் பிரதமர் தனாக்கா ககுயேயின் சொந்த மாகாணம் அதுவே. ஈண்டு பயணிகளின் தேவையோடு அரசியலும் பாதை வகுத்ததெனல் மிகையன்று. தேசிய சேவை பெருங் கடனோடு 1987 இல் பிரிக்கப்பட்டுத் தனித்தனிக் கம்பனிகளாயிற்று. அக்கடன் முழுவதையும் அதிவேகப் பாதையின் மேற் சுமத்துவது நீதியாகாது. தொக்கைடோ அதிவேகப் பாதை இலாபம் ஈட்டியே வந்தது.

பிற்கால விரிவாக்கத்தில் கவனிக்கப்பட வேண்டியது பழைய பாதையின் கதி. புதிய பாதை திறக்கப்பட்டதும் அதற்கு இணையான பழைய பாதையைப் பெரிய கம்பனி கைவிடலாம். மாகாணங்களும் ஊர்களும் முதலிட்ட சிறு கம்பனிகள் அதனைப் பொறுப்பேற்கின்றன. 1997 இல் நாகனோ வரை அதிவேக வண்டி ஓடத் தொடங்கியபோது, உசுயி மலைக்கணவாயின் பழைய பாதையை ஏற்க எவரும் முன்வரவில்லை. யொக்கோகாவாவுக்கும் கருயிசாவாவுக்கும் இடையில் நூறாண்டுக்கு மேல் ஓடிய புகையிரதம் நின்றது. அவ்விரு ஊர்களுக்குமிடையே இன்று செல்வது பஸ் வண்டி.