பட்டிப்பூவும் ஊசிமருந்தும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் வேறு எந்தப் பூவும் கிடைக்காத நாளிலும் பூசைத் தட்டு வெறுமையாக இருப்பதில்லை. வேலியோரத்திலே தண்ணீர் ஊற்றுவாரின்றித் தானே முளைத்துத் தானே பூக்கின்ற பட்டிப்பூ அன்றைக்குக் கைகொடுக்கும். ஆண்டு முழுவதும் பூப்பதனால் நித்தியகல்யாணி என்ற அழகிய பெயரும் அதற்கு உண்டு. ஆடு கூடக் கடிக்காத செடி என்று எங்கள் பாட்டிமார் சொல்லுவார்கள். மடகஸ்கார்த் தீவிலே தோன்றி, கப்பல்களில் ஏறி, வெப்பநாடுகள் எங்கும் பரவிய இச்செடி, நமது முற்றத்துக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

நேயர்களே, இச்செடியைப்பற்றி இன்று பேசுவதற்குக் காரணமாக இருந்தவர் எனது மாணவன் ஒருவனுடைய தந்தையார். அவருடைய இளைய மகளுக்குக் குருதிப் புற்றுநோய். வைத்தியசாலையிலிருந்து திரும்பிய ஒரு மாலையில் அவர் என்னிடம் வந்து, “ஐயா, போன மாதம் வரைக்கும் அந்த மருந்தை ஊசிக்குழலாலேதான் ஏற்றினார்கள். இப்போது ஒரு சின்னப் பையிலே நீரோடு கலந்து விடுகிறார்கள். மருந்தைக் குறைக்கிறார்களோ என்று தாய்க்காரி அழுகிறாள்” என்றார். மருந்தின் பெயரைக் கேட்டேன். வின்கிறிஸ்ரின் என்றார். நான் வைத்தியன் அல்லேன், சரித்திரம் படித்தவன். ஆயினும் அவருடைய ஐயத்துக்குரிய விடை சரித்திரத்திலேதான் இருந்தது.

அக்கதை கனடாவிலே தொடங்குகிறது. 1921ஆம் ஆண்டில் தொறன்ரோ நகரிலே பான்ரிங் என்பவர் இன்சுலின் ஆராய்ச்சியை ஆரம்பித்தபோது அவருக்கு உதவியாளராக இரு மாணவர்கள் முன்வந்தனர். யார் முதலிற் செல்வது என்று அவர்கள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தனர். வென்றவர் சாள்ஸ் பெஸ்ற். உலகப் புகழ் அவரைச் சேர்ந்தது. தோற்றவர் கிளாக் நோபிள். முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்தபின், 1952இல், தோற்றவருடைய வீட்டுக்கு யமேக்காவிலிருந்து ஒரு தபாலுறை வந்தது. அதனுள்ளே இருபத்தைந்து இலைகள். நீரிழிவுக்கு அவ்வூர் மக்கள் இவ்விலையை அவித்துக் குடிக்கிறார்கள் என்று செய்தியும் வந்தது. அவை நமது பட்டிப்பூச் செடியின் இலைகளே. கிளாக் நோபிள் அவற்றை ஒன்ராறியோ மாகாணத்து இலண்டன் நகரிலுள்ள சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தம்பி றொபேட் நோபிளிடம் அனுப்பிவைத்தார்.

தம்பியார் இலைச்சாற்றை எலிகளுக்குப் பருக்கினார். சர்க்கரை ஒரு சிறிதும் இறங்கவில்லை. சாற்றை ஊசிவழி செலுத்திப் பார்த்தார். எலிகள் சில நாட்களில் மாண்டன. இன்னொருவராயின் இலைகளைக் குப்பையிலே போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார். நோபிளோ எலிகள் ஏன் மாண்டன என்று கேட்டார். உடலெங்கும் கிருமி பரவிச் சீழ்க்கட்டிகள் தோன்றியிருந்தன. கிருமியை எதிர்க்கவேண்டிய வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்திருந்தன. அவற்றைப் பிறப்பிக்கும் என்புமச்சை ஒடுங்கிக் கிடந்தது. வெண்கலங்கள் கட்டின்றிப் பெருகுவதே குருதிப் புற்றுநோய். ஆகவே அவற்றை ஒடுக்கும் நஞ்சு அந்நோய்க்கு மருந்தாகாதா? இந்தக் கேள்வியிலேதான் எல்லாம் அடங்கியிருந்தது.

1954இல் சாள்ஸ் பியர் என்ற இரசாயன அறிஞர் நோபிளுடன் சேர்ந்தார். இலைச்சாற்றைப் பிரித்துப் பிரித்து, வின்பிளாஸ்ரின் என்னும் பொருளைத் தூய பளிங்காக எடுத்தார். 1958இல் அவர்கள் அதனை வெளியிட்டனர். அதே காலத்தில் அமெரிக்காவிலுள்ள எலி லில்லி நிறுவனத்தாரும் நீரிழிவுக்கென்றே இச்செடியைச் சோதித்து, குருதிப் புற்று நோயுற்ற சுண்டெலிகள் இதனாற் கூடுதலான நாட்கள் உயிர்வாழ்வதைக் கண்டிருந்தனர். அந்நிறுவனத்தைச் சேர்ந்த கோடன் சுவபோடா முதலியோர் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்ரினையும் பிரித்தெடுத்தனர். 1963இல் அது அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஒரு தொன் உலர்ந்த இலையிலிருந்து சில கிராம் மருந்தே கிடைக்கும். வளர்ந்த ஒருவருக்குக்கூட ஒரு முறை ஏற்றும் அளவு பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. இவ்வளவு சிறிய அளவே வேலை செய்கிறதென்றால் அதன் வீரியத்தை ஊகித்துக்கொள்ளலாம். முற்றத்து இலையை அவித்துக் குடித்தால் என்ன என்று கேட்போரும் உளர். வேண்டாம், அந்தச் சாறு எலிகளை என்ன செய்தது என்பதை இப்போதுதான் சொன்னேன்.

கலம் ஒன்று இரண்டாகப் பிரியும்போது அதனுள்ளே மெல்லிய நூல்கள் தோன்றி நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கின்றன. வின்கிறிஸ்ரின் அந்நூல்களை உருவாகவிடாமற் தடுக்கிறது. பிரிவு நடுவழியில் நின்றுவிடக் கலம் மடிகிறது. ஆனால் அத்தகைய நூல்கள் நமது நரம்புகளிலும் உண்டு. நோயாளரின் விரல்கள் மரத்துப்போவதும், பாதம் தொங்குவதும், கடும் மலச்சிக்கல் உண்டாவதும் அதனாலேயே. நாளத்தைவிட்டு வெளியே கசிந்தால் மருந்து தசையைப் புண்ணாக்கும். ஈரல் பழுதுற்றவருக்கு அளவைக் குறைக்கவேண்டும். பங்கசு நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளோடு சேர்ந்தால் நஞ்சு கூடும். இவையெல்லாம் வைத்தியர்கள் அறிந்து சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது வேறொன்று உண்டு.

இம்மருந்தைப் பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது குழந்தைகளின் குருதியிலிருந்து நோய் மறைந்தது. 1960களின் தொடக்கத்தில் வைத்தியர்கள் பெருமகிழ்ச்சி அடைந்தனர். ஆனால் சில மாதங்களில் நோய் மூளையின் உறைகளிலே தலைகாட்டிற்று. குருதியில் ஏற்றும் மருந்து மூளைக்குட் செல்லாதபடி இயற்கையே ஒரு மதிலைக் கட்டியிருக்கிறது. நோய்க்கலங்கள் அம்மதிலின் உள்ளே ஒளிந்துகொண்டன. அவற்றை அழிக்க மெதோத்திரெக்சேற்று என்னும் வேறொரு மருந்தை முதுகெலும்பின் இடைவெளி வழியாக, முண்ணாணைச் சூழ்ந்த பாய்பொருளிலே செலுத்தினர். அதன் பின்னரே பெருந்தொகையான குழந்தைகள் உண்மையிற் பிழைத்தனர். இன்று செல்வ நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளுட் பத்தில் ஒன்பது பேரளவில் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

அந்த வெற்றியின் மடியிலேதான் ஆபத்தும் பிறந்தது. ஒரே பிள்ளைக்கு, பல வேளைகளில் ஒரே நாளில், இரண்டு ஊசிகள்: ஒன்று நாளத்துக்கு, மற்றது முதுகுக்கு. இரண்டும் ஒரே வகையான குழல். ஒன்றின் முனை மற்றதன் ஊசியிலும் இசைவாகப் பொருந்தும். நாளத்துக்குரிய வின்கிறிஸ்ரின் தவறி முதுகினுட் சென்றால், நரம்புகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கும், மூச்சு நிற்கும். பெரும்பாலும் மரணமே முடிவு. உடனே கண்டுபிடித்துப் பாய்பொருளை வடித்துக் கழுவினாலும் தப்பியவர் வெகு சிலர், அவர்களும் முடங்கிப்போயினர். 1968ஆம் ஆண்டிலேயே இத்தகைய விபத்தொன்று வைத்திய இதழிற் பதிவாயிற்று. அதன் பின்னரும் நாடு நாடாக அது நிகழ்ந்துகொண்டே இருந்தது.

பிரித்தானியாவிலே 1985 முதல் குறைந்தது பதின்மூன்று பேர் முதுகு ஊசித் தவறுகளால் இறந்தோ முடமாகியோ போயினர் என்று 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களத்தின் அறிக்கை கூறிற்று. 2001 முடிவதற்குள் இதனை அடியோடு ஒழிப்போம் என்று குறிக்கோளும் வைத்தனர். 2001 சனவரி 4ஆம் திகதி, நொற்றிங்காம் நகரிலே பதினெட்டு வயது இளைஞன் ஒருவனுக்கு அதே தவறு மீண்டும் நேர்ந்தது. அவனுடைய நோய் தணிந்திருந்தது. சிகிச்சையும் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு மாதத்தின் பின் அவன் இறந்தான். ஊசியைச் செலுத்தியவர் இளைய வைத்தியர். அருகே நின்று மேற்பார்த்தவர் அப்பிரிவுக்கு வந்து சில நாட்களே ஆனவர். மேற்பார்த்தவர் 2003இல் நீதிமன்றத்திலே குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

குற்றவாளி அகப்பட்டார், தண்டனையும் கிடைத்தது என்று கதையை அங்கே நிறுத்திவிடலாம். நமது பாடசாலைகளில் நாம் செய்வதும் பெரும்பாலும் அதுவே. பிழை செய்த பிள்ளையை வாங்கின்மேல் நிறுத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நொற்றிங்காம் சம்பவத்தை விசாரித்த பேராசிரியர் பிறையன் ரொவ்ற் அவ்வாறு செய்யவில்லை. இரண்டு மருந்துகளும் ஏன் ஒரே வேளையில் அந்த அறைக்கு வந்தன, புதிதாக வந்தவருக்கு எந்தப் பயிற்சி கொடுக்கப்பட்டது, நாளத்துக்குரிய குழல் முதுகு ஊசியில் ஏன் பொருந்துகிறது என்று அவர் அடுக்கடுக்காகக் கேட்டார். கவனமாக இருங்கள் என்று எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவதால் மாத்திரம் பயனில்லை என்பதும் புலனாயிற்று. அச்சீட்டுகள் முன்னரும் இருந்தன. களைத்த கண்கள் அவற்றைப் படித்தும் படியாமல் விட்டன.

பையின் வரலாறு இங்கேதான் வருகிறது. அதே அளவு வின்கிறிஸ்ரினை ஐம்பது மில்லிலீற்றர் அளவான உப்புநீர்ப் பையிலே கலந்து தொங்கவிட்டால், பார்த்த மாத்திரத்திலேயே அது முதுகுக்குரியதன்று என்பது எவருக்கும் விளங்கும். அவ்வளவு நீரை முதுகினுட் செலுத்த எவரும் துணியார். பையைக் கையிலெடுத்து அழுத்தவும் முடியாது. மெல்ல மெல்ல ஏற்றினால் நாளத்திலிருந்து கசிவு அதிகமாகுமோ என்று சில வைத்தியர்கள் தயங்கினர். நியாயமான தயக்கமே. ஆனால் சில நிமிடங்களில் ஏறிவிடுகின்ற சிறிய பையினாற் கசிவு பெருகவில்லை என்று அனுபவம் காட்டிற்று. 2007இல் உலக சுகாதார நிறுவனமும் ஊசிக்குழலைக் கைவிட்டுப் பையைப் பயன்படுத்தும்படி எச்சரிக்கை விடுத்தது. 2016இல் முதுகு ஊசிக்கெனத் தனியான இணைப்புமுனைக்குச் சர்வதேச நியமம் வகுக்கப்பட்டது. நாளக் குழல் அதனுள்ளே நுழையாது.

இவை யாவற்றையும் அந்தத் தந்தையாரிடம் நான் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. மருந்தின் அளவு குறையவில்லை, ஏற்றும் பாத்திரமே மாறியிருக்கிறது என்று விளக்கினேன். ஏற்றும்போது பிள்ளை கை எரிகிறது, நோகிறது என்று சொன்னால் ஒரு கணமும் பொறுக்காமல் தாதியை அழைக்கும்படியும், மலச்சிக்கலை வெட்கத்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லும்படியும் கூறினேன். வேறு எவராவது தரும் மருந்தையோ கசாயத்தையோ கேளாமற் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் படலையடியிலே சற்று நின்றார். வேலியோரத்துப் பட்டிப்பூவிலே ஒன்றைக் கிள்ளிப் பார்த்து, “இதுதானா ஐயா?” என்றார். ஆம் என்றேன். அதைச் சட்டைப் பையிலே போட்டுக்கொண்டு பேருந்தைப் பிடிக்க நடந்தார்.