கழிவுக்கு ஒரு பெயர்: ராஜபாளையம் மில் கணக்கிலிருந்து சில குறிப்புகள்

போன புரட்டாசியில் செண்பகத்தோப்புக்குப் போயிருந்தேன். காட்டழகர் கோயிலுக்குப் போகிற கூட்டம் குறைந்த ஒரு நாள். ஓடையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணி. கரையோரம் ஒரு முள்செடியில் வெள்ளையாக ஏதோ சிக்கிக் கிடந்தது. பஞ்சுன்னு நினைச்சு எடுத்தேன். பஞ்சு இல்லை, சாக்கு நார். பிளாஸ்டிக் உரச்சாக்கு கிழிந்தால் பிரியுமே, அந்த நார்.

மற்றவர்களுக்கு அது வெறும் குப்பை. எனக்கு எங்க பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. ராஜபாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் அவங்களுக்கு வேலையே இந்த நாரைப் பொறுக்கி எடுப்பதுதான். பேல் பிரிச்ச பஞ்சைப் பரப்பி வைத்து, அதில் கிடக்கிற சாக்கு நார், சணல், தலைமுடி, கலர் துணித் துண்டு எல்லாவற்றையும் கையால் எடுத்துப் பக்கத்தில் இருக்கிற வாளியில் போடணும். ஒரு நார் தப்பினாலும் அது நூலோடு முறுக்கிக்கொண்டு போய், சாயம் ஏறாமல், துணியில் கோடாகத் தெரியும்.

"எடுத்த நாரை என்ன பண்ணுவாங்க பெரியம்மா?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "அதை யாருடா வாங்குவா? கொட்டிருவாங்க" என்றார்கள்.

இப்போது பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் 'குப்பைமேட்டுக்குப் போகும் கழிவு பூஜ்யம்' என்று ஒரு இலக்கு இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த பதில்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மில்லில் வாங்க ஆள் இல்லாத கழிவு அந்த ஒரு வாளிதான். மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது, விலை இருந்தது, வாங்குகிற ஆள் இருந்தார்.

பஞ்சின் பின்பாதி

எங்கள் பக்கம் பருத்தியில் எதையும் வீணாக்கியதில்லை. கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடிந்ததும் பருத்திமார் அடுப்புக்குப் போகும். கொட்டை மாட்டுக்குப் போகும், இல்லையென்றால் செக்குக்குப் போய் எண்ணெயும் புண்ணாக்குமாகப் பிரியும். அதே கொட்டையை ஊறவைத்து ஆட்டினால் பருத்திப்பால். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால் கொடுக்கிற மாடுகளின் தீவனத்திலும் பருத்திக்கு ஒரு பங்கு உண்டு.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதற்குப் பிறகு இந்த ஊர் நூற்பாலை ஊரானது. மில் வந்ததும் பழைய பழக்கம் புதுக் கணக்குப் புத்தகத்துக்கு மாறியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நூற்பாலைக்குள் போகிற 100 கிலோ பஞ்சும் நூலாக வெளியே வராது. கோம்பிங் செய்த நயமான நூல் என்றால் 20 முதல் 30 கிலோ வரை வழியிலேயே கழிந்துவிடும். புளோ ரூமில் விழுவது தூசும் கொட்டைத் துண்டும் கலந்த கழிவு. கார்டிங்கில் விழுவதற்கு பிளாட் ஸ்ட்ரிப் என்று பெயர். கோம்பரில் விழுவது நாயில். இழை அறுந்தால் காற்றோடு உறிஞ்சப்படுவது நியூமாஃபில். முறுக்கேறிய பிறகு அறுந்த நூல் ஹார்டு வேஸ்ட். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கட்டி, தனித்தனியாக எடைபோட்டு, தனித்தனி விலையில் போகும். நாயிலில் தரைக் கூட்டலைக் கலந்துவிட்டால் சூப்பர்வைசர் கத்துகிற கத்து அடுத்த ஷெட்டுக்குக் கேட்கும். சுற்றுச்சூழலை நினைத்து யாரும் கத்தவில்லை. கலந்துவிட்டால் விலை போச்சு, அவ்வளவுதான்.

நியூமாஃபில் நல்ல பஞ்சு. திரும்பவும் கலவைக்கே போய்விடும். நாயில் குட்டை இழை, ஆனால் சுத்தமானது. அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பெராக்சைடில் வெளுத்து, அலசிக் காயவைத்தால் ஆஸ்பத்திரிப் பஞ்சு. இந்தத் தொழில் ஜெர்மனியில் 1870-களில் ஹார்ட்மன் கம்பெனி தொடங்கிவைத்தது. ராஜபாளையம் வட்டாரத்துக்கும் அது நன்றாகப் பொருந்தியது. பஞ்சும் இங்கே, பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவும் இருக்கு. ஆஸ்பத்திரிக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரிக்கு ரெண்டுமே வேணும். நம் ரூபாய் நோட்டுக் காகிதத்துக்கும் இந்த நாயில்தான் மூலப்பொருள்.

மட்டமான கழிவுக்கு வழி பிறந்தது 1967-இல். செக்கோஸ்லோவாக்கியாவில் ஓப்பன் எண்ட் நூற்பு இயந்திரம் விற்பனைக்கு வந்தது. பழைய ரிங் இயந்திரத்தில் நூற்க முடியாத குட்டை இழையும் அதில் நூலாகும். இன்று தமிழ்நாட்டில் 'ஓ.இ. மில்' என்று சொல்வது இதைத்தான். போர்வை, துண்டு, தரைவிரிப்பு என்று கழிவுப் பஞ்சு திரும்ப வீட்டுக்குள் வருகிறது. கடைசியில் மிஞ்சும் தூசுகூட உரக்குழிக்குப் போகும், காளான் வளர்ப்புக்கும் போகும்.

ஒரு கம்பெனியின் கழிவு பக்கத்துக் கம்பெனியின் சரக்கு என்பதற்கு உலகம் முழுக்க உதாரணம் காட்டுவது டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரத்தை. அங்கே 1972-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எரித்து வீணாக்கிக்கொண்டிருந்த வாயுவை ஜிப்சம் பலகை ஆலை குழாய் போட்டு வாங்கிக்கொண்டது. நம் ஊரில் குழாய் இல்லை. மாட்டுவண்டியும் லாரியும் புரோக்கரும் இருந்தார்கள்.

பூஜ்யம் எங்கே உடைகிறது

பழைய காலத்தைக் கொண்டாடுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கணக்கில் ரெண்டு ஓட்டை இருந்தது.

முதல் ஓட்டை, மில் கேட்டைத் தாண்டியதும் கணக்கு நின்றுவிடும். நாயிலை வெளுத்த தண்ணீர் எங்கே போனது என்று மில் கணக்கில் இருக்காது. அந்தப் பஞ்சு ஆஸ்பத்திரியில் புண் துடைத்த பிறகு மஞ்சள் பைக்குப் போகிறது. 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி அது எரிக்கப்பட வேண்டியது. எரித்தபின் சாம்பல் மிஞ்சும். மில் தரப்பில் பூஜ்யம், ஊர் தரப்பில் பூஜ்யம் இல்லை.

இரண்டாவது ஓட்டை, பெரியம்மாவின் வாளி. விலை இல்லாததற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததைக் கணக்கில் எழுத மாட்டார்கள். பாலியெஸ்டர் கலப்பு நூல் பெருகியதும் இந்த வாளி பெரிதானது. பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே இழையில் முறுக்கியபின் பிரிப்பது லேசில்லை.

இதற்குச் சட்டம் ஒரு வழி காட்டியது. 2016 திடக்கழிவு விதிகள், கிலோவுக்கு 1500 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தரும் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டக் கூடாது என்றன. குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஆலைக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் தொழிற்சாலைகள் தங்கள் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதம் அதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. சாக்கு நார் நன்றாக எரியும். சிமெண்ட் சூளையின் வெப்பம் 1400 டிகிரியைத் தாண்டும். நம் விருதுநகர் மாவட்டத்திலேயே துலுக்கப்பட்டி பக்கம் சிமெண்ட் ஆலை இருக்கிறது. ஆனால் சூளைக்கும் கண்டதை அனுப்ப முடியாது. பி.வி.சி. கலந்தால் குளோரின் தொல்லை, ஈரம் இருந்தால் வெப்பம் போச்சு. கடைசியில் சூளையும் நூற்பாலை சூப்பர்வைசர் சொன்னதையேதான் சொல்கிறது: கலக்காதே.

எரிப்பதைவிட நல்ல வழி அந்த நாரை உள்ளே விடாமல் இருப்பது. பருத்தி எடுக்கிறவர் பிளாஸ்டிக் சாக்குக்குப் பதில் துணிப்பையில் எடுத்தால், பேலைப் பருத்தித் துணியிலேயே சுற்றினால், வாளி பாதியாகிவிடும். அதற்கு மில்காரர் பஞ்சு விலையில் கொஞ்சம் கூடக் கொடுக்கணும். இலக்கு வைக்கிற கம்பெனிகள் பலதும் விற்கிற பக்கத்தைப் பார்க்கின்றன. வாங்குகிற பக்கத்தைப் பார்ப்பது குறைவு.

இன்னொன்றும் கவனிக்கணும். 'ட்ரூ' என்ற சர்வதேசச் சான்றிதழுக்கு 90 சதவீதக் கழிவைக் குப்பைமேட்டுக்கும் எரி உலைக்கும் போகாமல் திருப்பினால் போதும். அதனால் ஒரு கம்பெனி 'பூஜ்யம்' என்றால் நான் கேட்கிற கேள்வி, மீதி பத்தில் என்ன இருக்கு, அது எந்த ஊருக்குப் போச்சு என்பதுதான்.

செண்பகத்தோப்பு அந்த மீதிப் பத்து வந்து சேரக்கூடாத இடம். பளியர்கள் வாழ்கிற மலையடிவாரம். 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமான காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் சேர்ந்தது. அங்கே ஓடுகிற ஓடை கீழே நம் கண்மாய்களுக்குத்தான் வருகிறது. முள்ளில் சிக்கியிருந்த நார் எந்தச் சாக்கிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. யாரோ பூஜைச் சாமான் கட்டிக் கொண்டுவந்த சாக்காகவும் இருக்கலாம்.

எடுத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் எங்கே போடுவது என்று தெரியவில்லை. மக்கும் குப்பைக் கூடைக்கும் ஆகாது, பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டார். இன்னும் மேஜை மேலேதான் கிடக்கிறது.