பசியாறல் சொல்லும் வரலாறு

ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் சற்று நேரம் ஒதுக்கிப் படிக்க வேண்டிய செய்தி இது.

2024 டிசம்பரில் தென் அமெரிக்க நாடான பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில் யுனெஸ்கோவின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அதில் மலேசியாவின் பசியாறல் பண்பாடு, மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் இடம்பெற்றது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்களாக முன்வைக்கப்பட்டன. மூன்றனுள் இரண்டு, இந்தியாவிலிருந்து வந்த எளிய மக்களின் கைவண்ணத்தில் உருவானவை. அவர்களுள் தமிழ் முஸ்லிம்களின் பங்கு பெரிது.

நான் கற்பிக்கும் நான்காம் ஆண்டு மாணவர்களிடம், "ரொட்டி சானாய் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். "கடையிலிருந்து" என்றார்கள்! சிரிப்பு வந்தது, சிந்தனையும் வந்தது. கடைக்கு அது எப்படி வந்தது என்பதை நாம்தானே சொல்ல வேண்டும்?

தோளில் சுமந்த உணவகம்

பினாங்குத் துறைமுகத்தில் உழைத்தவர்களுக்குச் சோறும் கறியும் விற்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள், தோளில் காவுதடி தாங்கி, அதன் இரு முனைகளிலும் பானைகளைத் தொங்கவிட்டு நடந்தார்கள். அவ்வாறு தடியில் சுமப்பதையே மலாயில் 'கண்டார்' என்பர். அதுவே 'நாசி கண்டார்' என்னும் பெயராயிற்று. அங்குள்ள ஹமீதியா உணவகம் 1907-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 'மாமாக்' என்னும் சொல்லும் நம் 'மாமா' என்னும் உறவுச் சொல்லிலிருந்து பிறந்ததே என்பர்.

தேநீரின் கதையும் சுவையானது. கெட்டிப்பாலை விற்கும் நிறுவனம், இன்றைய நெஸ்லேயின் முன்னோடி, 1912-இல் பினாங்கில் கால்பதித்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், கெட்டுப்போகாத தகரக் குவளைப் பால் சிறுகடைக்காரருக்கு வரமாக அமைந்தது. மலிவான தேயிலைத் தூளின் துவர்ப்பை அப்பாலின் இனிப்பு தணித்தது. இரு குவளைகளுக்கிடையே உயர்த்தி ஆற்றியபோது பால் நன்கு கலந்தது, சூடு தணிந்தது, நுரை பொங்கியது. தேவைக்காகச் செய்த செயல் நாளடைவில் கலையாகிவிட்டது.

மீ கோரிங்கை எண்ணிப் பாருங்கள். மீ சீனருடையது, மிளகாய்ச் சம்பல் மலாய்க்காரருடையது, அதனைப் பிரட்டிய கையும் மசாலையும் நம்மவருடையவை. சிங்கப்பூரில் 1949 வாக்கில், கேரளத்தைச் சேர்ந்த எம்.ஜே. கோமஸ் என்பவர், சீனர்கள் மீன் தலையை விரும்பி உண்பதைக் கண்டு, அதனைத் தென்னிந்தியக் குழம்பிலிட்டு விற்றார். இன்று 'மீன் தலைக் கறி' பெரிய விடுதிகளிலும் பெருமையுடன் பரிமாறப்படுகிறது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலப்படும். உணவில் புதுமை என்பது பெரும்பாலும் பணக்காரர் சமையலறையில் பிறப்பதில்லை. கையில் கிடைத்த மலிவுப் பொருள், பக்கத்து வீட்டுக்காரரின் சுவை, உழைப்பவரின் கைத்திறன் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் அது பிறக்கிறது.

தோட்டத்து அடுப்பு

இனி, நம் வட்டாரத்திற்கு வருவோம். கோல சிலாங்கூர் முதல் சுங்கை பெசார், சபாக் பெர்ணம் வரையுள்ள தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோருக்கு உணவகம் ஏது? விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். வெட்டு முடிந்த பிறகே மர நிழலில் அமர்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து பசியாறினார்கள். காலை உணவை நாம் இன்றும் 'பசியாறல்' என்றுதான் சொல்கிறோம். அச்சொல்லுக்குள் அவர்களின் பசியும் இருக்கிறது. அது ஆறிய நிம்மதியும் இருக்கிறது.

அந்தச் சட்டியில் இருந்த சோறு பெரும்பாலும் கடல் கடந்து வந்த அரிசியால் ஆனது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்தே பெற்றது. 1942-இல் ஜப்பானியர் ஆட்சி வந்ததும் அவ்வரவு அற்றுப்போனது. மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் பிழைத்தார்கள். தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் திரும்பி வரவேயில்லை.

இன்று அதே மரவள்ளி, தேங்காய்த் துருவலோடும் சம்பலோடும் தங்கும் விடுதிகளின் விருந்து மேசையில் 'பாரம்பரிய உணவு' என்று அடுக்கி வைக்கப்படுகிறது. உண்பதில் தவறில்லை. ஆனால், ஒரு காலத்தில் அது நம் பாட்டிமாரின் உயிரைக் காத்த கிழங்கு என்பதை அறிந்து உண்பது நன்றல்லவா?

கள்ளும் தேநீரும்

தோட்டத்தில் ஒரு பானக்கடை மட்டும் தவறாமல் இருந்தது. அதுதான் கள்ளுக்கடை. உழைத்த கூலியை அது உறிஞ்சியது, குடும்பங்களைக் குலைத்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். அரசு இராணுவத்தைக் கொண்டு போராட்டத்தை அடக்கியது, உயிர்கள் பலியாயின. போருக்குப் பின், கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராக மறுபடியும் எழுந்தனர்.

பள்ளிக்கூடமும் கள்ளுக்கடை ஒழிப்பும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்தன என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது. கள்ளுக்கடை தொழிலாளியைத் தோட்டத்துக்குள்ளேயே கட்டிப்போட்டது. தேநீர்க் கடையோ மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவரையும் ஒரே மேசையில் அமர்த்தியது. யுனெஸ்கோ போற்றியதும் அந்தப் பொது மேசையைத்தான்.

நாம் செய்ய வேண்டியது

இன்று ரொட்டி தீசு கூம்பாக உயர்ந்து நிற்கிறது. ரொட்டி போம், மைலோ டைனோசர் என்று புதுப்புதுப் பெயர்கள் வருகின்றன. புதுமை வளரட்டும், வேரும் தெரியட்டும்.

பால்மரங்கள் செம்பனைக்கு இடம் கொடுத்தன; பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் போனபோது அங்கிருந்த அடுப்புகளும் போயின. சமைத்த கைகளும் ஒவ்வொன்றாய் நம்மை விட்டுப் பிரிகின்றன. உணவகம் தன் பெயர்ப்பலகையைக் காத்துக்கொள்ளும். தோட்டத்துச் சமையலுக்குப் பெயர்ப்பலகை இல்லை. நினைவு ஒன்றே அதன் பதிவேடு.

ஆகவே, பெற்றோர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அமரச் செய்யுங்கள். "தோட்டத்தில் என்ன பசியாறினீர்கள்? யார் சமைத்தார்? அரிசி இல்லாதபோது என்ன உண்டீர்கள்?" என்னும் மூன்று கேள்விகள் போதும். விடையை அவர்கள் தமிழிலேயே எழுதட்டும். ஆசிரிய நண்பர்களே, அவ்வெழுத்துகளைத் தொகுத்து வகுப்பு நூலாக்குங்கள். கட்டுரைப் பயிற்சியும் ஆகும். வரலாற்றுப் பாடமும் ஆகும்.

ரொட்டி சானாய்க்கு உலகப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. மர நிழலில் திறந்த தூக்குச்சட்டிக்கு இடம் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தாம்.