டவுன்ரிக்கருக்கு ஸ்டீல் கம்பியா, பின்னல் கயிறா? எப்படித் தேர்ந்தெடுப்பது?

கனடா, அமெரிக்கா பக்கம் சால்மன் பிடிக்கும் வீடியோக்களில் படகின் பின்னால் சின்ன கிரேன் மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் டவுன்ரிக்கர். அதை வாங்கும் எல்லோருக்கும் வரும் கேள்வி: அதில் ஸ்டீல் கம்பியைச் சுற்றுவதா, பின்னல் கயிறைச் சுற்றுவதா?

டவுன்ரிக்கர் என்ன செய்யும்?

கோடையில் ஒன்டாரியோ, மிச்சிகன் போன்ற ஏரிகளில் மேல்தண்ணீர் சூடாகிவிடும். குளிர்ந்த நீரைத் தேடி சால்மன் ஆழத்துக்குப் போய்விடும். ஓடும் படகிலிருந்து லேசான தூண்டிலை அந்த ஆழத்தில் நிறுத்த முடியாது. அதனால் சுமார் 10 பவுண்டு, அதாவது நாலரை கிலோ ஈயக் குண்டைத் தனிக் கம்பியில் இறக்கி, தூண்டில் நரம்பை ஒரு கிளிப்பில் அதோடு மாட்டுவார்கள். மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும். பிறகு குண்டின் எடை இல்லாமல் மீனை இழுக்கலாம்.

ஸ்டீல் கம்பி எப்படி?

வழக்கமாக 150 பவுண்டு தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வரும். பாறையிலோ மற்றவர்களின் நரம்பிலோ உரசினாலும் சட்டென்று அறுபடாது. மின்சாரமும் கடத்தும். கம்பியில் மெல்லிய மின்னழுத்தம் கொடுத்தால் சால்மன் வரும் என்று பல மீன்பிடிப்பாளர்கள் நம்புகிறார்கள். அதற்கான 'பிளாக் பாக்ஸ்' கருவி கம்பியோடுதான் வேலை செய்யும்.

தளர்ந்தால் மடிப்பு விழும் என்பது இதன் குறை. ஓர் இழை அறுந்தால் முள் மாதிரி கையைக் கிழிக்கும். கடல்நீரில் பயன்படுத்தினால் நல்ல தண்ணீரில் கழுவியே ஆகணும்.

பின்னல் கயிறு எப்படி?

பாலிஎத்திலீன் இழைகளால் பின்னியது. 200 முதல் 250 பவுண்டு வரை தாங்கும் வகைகள் உண்டு. துருப்பிடிக்காது, மடிப்பு விழாது, தண்ணீரில் ரீங்கார ஒலியும் குறைவு. ஆனால் உரசல்தான் இதன் எதிரி. கூரான பாறை விளிம்பு போதும், குண்டு ஏரிக்குள் போய்விடும்.

அப்போ வலுவானதை எடுத்தால் போதுமா?

போதாது. நாலரை கிலோ குண்டுக்கு இரண்டுமே தேவைக்கு மேல் வலுவானவை. குண்டு அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். படகு நகர்ந்துகொண்டே இருக்க, கயிறு அறுபடாவிட்டால் அந்த இழுவை முழுக்க டவுன்ரிக்கர் மேலும் படகின் பின்புறத்திலும் விழும். அலை இருந்தால் சின்னப் படகுக்கு இது ஆபத்து. எனவே குண்டைத் தாங்கும் அளவுக்கு மட்டும் பிரேக்கை இறுக்குங்க. பலமாக இழுத்தால் அது நழுவணும். பின்னல் கயிறு என்றால் கத்தி, கம்பி என்றால் வெட்டுக்குறடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும்.

மாற்றும் முன் என்ன பார்க்கணும்?

பழைய கம்பி கப்பியில் கீறல் போட்டிருக்கும். அது புதுக் கயிறை அறுக்கும். விரலால் தடவிப் பாருங்க, சொரசொரப்பு இருந்தால் கப்பியை மாற்றுங்க. சில எலக்ட்ரிக் மாடல்கள், குண்டு மேலே வந்ததும் தானாக நிற்க, கம்பியின் மின்கடத்தலை நம்பியிருக்கும். மேனுவலைப் பார்க்காமல் கயிறுக்கு மாற வேண்டாம். கனம் மாறினால் ஆழக் கணக்கும் சற்று மாறலாம்.

கடைசியில் எது?

பாறை அடித்தளம், நெரிசலான மீன்பிடி இடம், பிளாக் பாக்ஸ்: இவற்றில் ஒன்று இருந்தாலும் கம்பி. கடல்நீர், சின்னப் படகு, பராமரிக்க நேரமில்லை என்றால் பின்னல் கயிறு.